இயந்திர வால்வும் வார்ஃபரினும்: எண்ணை நிலையாக வைத்திருக்கும் வழி

என் இதயத்தில் பொருத்தியிருப்பது செயற்கையான இயந்திர வால்வு. அது எளிதில் தேய்ந்துபோவதில்லை. அதன் மேல் ரத்தம் உறைவதுதான் அபாயம். உறைகட்டி வால்வின் இதழை அசையவிடாமல் செய்யலாம், அல்லது பிய்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கலாம். அதனால் ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் எனக்கு வாழ்நாள் மருந்து. டோஸை முடிவு செய்பவர் மருத்துவர். தினசரி ஒழுங்கு மட்டும் என் பொறுப்பு.

முதலில் உங்கள் இலக்கு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் பரிசோதனை எண்தான் ஐஎன்ஆர்; மருந்து எடுக்காதவருக்கு அது ஏறக்குறைய 1. எனக்கு மாற்றியிருப்பது மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ளது. இலக்கு 3, அதாவது 2.5 முதல் 3.5 வரை. வேறு ஆபத்துக் காரணிகள் இல்லாத, அயோர்ட்டிக் வால்வை (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாயிலில் இருப்பது) மாற்றியவருக்குப் பெரும்பாலும் 2 முதல் 3. அடுத்தவர் சீட்டைப் பார்த்து உங்கள் எண்ணுக்காகக் கவலைப்படாதீர்கள்.

மாத்திரையை மாலையில் எடுப்பது வசதி. பகலில் பரிசோதனை முடிவு வந்தால் அன்றைய டோஸையே மாற்றிக்கொள்ளலாம். டோஸை மாத்திரை எண்ணிக்கையாக அல்லாமல் மில்லிகிராமில் சொல்லிப் பழகுங்கள். ‘ஒன்றரை’ என்றால் எந்த அளவு மாத்திரையில் ஒன்றரை என்று யாருக்குத் தெரியும்? மறந்தால் அன்றைக்குள் நினைவு வந்தபோது எடுங்கள். மறுநாள்தான் தெரிந்தால் விட்டுவிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இரட்டை டோஸ் ஒருபோதும் வேண்டாம்.

வார்ஃபரின் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும், அதை உறையவைக்கும் பொருள்களைத் தொடுவதில்லை. கல்லீரல் புதிதாகச் செய்பவற்றைத்தான் முடக்குகிறது. பழையவை தீர நாள் பிடிக்கும். இன்று மாற்றிய டோஸ் எண்ணில் தெரிய 2, 3 நாள். முழுதாகத் தெரிய ஒரு வாரம்போல ஆகும். அவசரப்பட்டு நீங்களாகக் கூட்டிக் குறைத்தால் எண் ஊஞ்சலாடும்.

‘கீரையைத் தொடவே கூடாது’ என்பவர்களோடு வாதாடி எனக்கு அலுத்துவிட்டது. கீரை, முட்டைக்கோஸ் போன்றவற்றில் உள்ள வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்கிறது, உண்மைதான். வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் டோஸ் அதற்கேற்ப அமைந்துவிடும். தவறாமல் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் எண் ஏறும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து சாப்பாடு குறைந்தாலும் அப்படித்தான்.

என் எண் குழம்பியதெல்லாம் பெரும்பாலும் புதிய மருந்துகளால்தான். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல், அமியோடரோன் ஆகியவை ஐஎன்ஆரை ஏற்றும். ரிஃபாம்பிசின், கார்பமசெபைன் இறக்கும். இறக்கும் மருந்தை நிறுத்தும்போது எண் மேலே கிளம்பும் என்பதையும் மறக்கக் கூடாது. புதிதாக எது தொடங்கினாலும், நிறுத்தினாலும் சில நாளில் ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இன்னும் தந்திரமானவை. எண் ஒழுங்காக இருக்கும்போதே வயிற்றில் ரத்தம் கசியச் செய்யும். வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை; பல நாள் தொடர்ந்து எடுத்தால் அதுவும் எண்ணை ஏற்றும். மூலிகை மருந்தென்றாலும் சொல்லிவிட்டே எடுங்கள்.

‘பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரை இருக்கிறதாமே’ என்று உறவினர்கள் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் நமக்கு இல்லை. அப்படிப்பட்ட புது மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை இயந்திர வால்வுக்காரர்களிடம் சோதித்த ஆய்வு, உறைகட்டியும் ரத்தக்கசிவும் அதிகமானதால் பாதியில் நின்றது. முடிவுகள் 2013-இல் வெளியாகின. இன்னொன்றான அபிக்சபானைச் சோதித்த ஆய்வும் உறைகட்டிகளால் 2022-இல் நிறுத்தப்பட்டது.

பல் பிடுங்க வேண்டுமென்றால் வார்ஃபரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். எண் வரம்புக்குள் இருந்தால் பெரும்பாலும் நிறுத்தாமலே பிடுங்கலாம். வால்வில் தொற்று வராமலிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் அதற்கு முன்பே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடும்.

தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கறுத்த மலம், அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், திடீர் மூச்சுத்திணறல், வால்வின் வழக்கமான டிக் ஓசை மங்குதல் ஆகியவற்றுக்கும் அதே விதிதான். அங்கே ‘இயந்திர வால்வு, வார்ஃபரின்’ என்ற இரண்டையும் முதலிலேயே சொல்லுங்கள். பேச முடியாமல் போகலாம் என்பதால் வால்வின் வகை, இலக்கு எண், டோஸ் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறேன். டோஸ் மாறினால் அட்டையையும் அன்றே மாற்றிவிடுவேன்.