ஆறு வரிக் கடிதம்: பிள்ளைகளுக்குச் சமூக வலைத்தளம் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் இங்கே மொரீஷியஸில், பள்ளியின் கடைசி வகுப்பான கிரேடு 13 படித்த மாணவி ஒருத்தி என்னிடம் போனை நீட்டினாள். அலுவலகங்கள் நிறைந்த எபேனில் உள்ள ஒரு நிறுவனத்தின் அதிகாரிக்கு, வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் எழுதி மூன்று வாரம் ஆகிறதாம், பதிலே இல்லையாம். வாங்கிப் பார்த்தேன். "வணக்கம். ஸ்தாஜ் கிடைக்குமா? நன்றி." இவ்வளவுதான். படிப்பு நடுவில் போகும் பயிற்சி வேலையை இங்கே ஸ்தாஜ் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். பிரெஞ்சில் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். ஆனால் இவள் யார், என்ன படிக்கிறாள், எப்போது வர முடியும், இத்தனை பேர் இருக்கும்போது அவரைத் தேடி ஏன் எழுதினாள், ஒன்றும் அதில் இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 13 வருடம் இந்தப் பிள்ளைக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தோம். முன்பின் தெரியாத ஒருவருக்கு மரியாதையாக ஆறு வரி எழுத நாங்கள் ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மொரீஷியஸில் தமிழ் ஆசிரியையாக இருந்து, வகுப்பிலும் வீட்டிலும் நான் பார்த்த தவறுகளை எழுதுகிறேன். பாதித் தவறு பிள்ளைகளுடையது, பாதி நம்முடையது. நம்முடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பயமுறுத்திவிட்டு விட்டுவிடுவது

வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரையும் உட்கார வைத்து, "அதைப் போடாதே, இவரோடு பேசாதே" என்று ஒரு மணி நேரம் சொல்கிறோம். அப்புறம் அடுத்த வருடம்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அப்படித்தான் ஆகிறது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ப்ரொஃபைலை அவனோடு சேர்ந்து திறந்து, ஒரு கடிதத்தை நாலு முறை திருத்தி எழுத வைத்தால் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் அவன் கற்றுக்கொள்வது கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டால் வராது.

வயதைக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் திறந்து கொடுப்பதும் நாம் செய்யும் தவறுதான். இன்ஸ்டாகிராமுக்கும் பேஸ்புக்குக்கும் 13 வயது வேண்டும், லிங்க்ட்இன்னுக்கு 16. பத்து வயதுப் பிள்ளைக்குப் பதினெட்டு என்று போட்டுக் கொடுத்தால், சின்னப் பிள்ளைகளுக்கென்று அந்தத் தளம் வைத்திருக்கும் கட்டுப்பாடு எதுவும் அவனுக்கு வேலை செய்யாது. பொய்த் தகவலோடு ஆரம்பிக்கலாம் என்ற பாடமும் சேர்ந்தே போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பள்ளி விழா, கோவில் விழா என்று பிள்ளைகளின் படங்களைப் பெயரோடு பேஸ்புக்கில் போட்டுவிடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று நம் நாட்டின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கேட்காமல் படம் போடும் நாம், "கேட்காமல் அடுத்தவர் படத்தைப் போடாதே" என்று எந்த வாயால் சொல்வது?

தேர்வு நாளும் வாட்ஸப் குரூப்பும்

லெசோன், அதாவது தனி வகுப்பு, போகும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குரூப் இருக்கிறது. பழைய கேள்வித்தாள், குறிப்பு, சந்தேகம் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. நல்லதுதான், நானே ஒன்று வைத்திருக்கிறேன். ஆபத்து வருவது, கேம்பிரிட்ஜ் நடத்தும் பள்ளி இறுதித் தேர்வுகளான எஸ்.சி. (கிரேடு 11), ஹெச்.எஸ்.சி. (கிரேடு 13) நாட்களில். கேம்பிரிட்ஜ் தாள் நம் தீவுக்கு மட்டும் உரியதென்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். நாம் காலையில் எழுதி முடித்த தாளை வேறு நாட்டில், வேறு நேரத்தில் இன்னொருவன் எழுதப் போகிறவனாக இருக்கலாம். அதனால்தான் தேர்வு முடிந்து 24 மணி நேரம் வரை தாளில் என்ன வந்தது என்று இணையத்தில் பேசக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளோ ஹாலை விட்டு வந்த அடுத்த நிமிடமே, "மூன்றாவது கேள்விக்கு உனக்கு என்ன விடை?" என்று தட்டுகிறார்கள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, படபடப்புதான். ஆனால் அந்த ஒரு வரி விதி மீறல். தாளின் படத்தைப் போட்டால் தேர்வே ரத்தாகும் அளவுக்குப் போகலாம். "லீக் ஆன தாள்" என்று யாராவது அனுப்பினால், உண்மையோ பொய்யோ, அடுத்தவருக்குத் தள்ளிவிடாமல் ஆசிரியரிடம் காட்ட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் இப்போதெல்லாம் தேர்வுக்கு முந்தின நாள் மாலை குரூப்பைப் பூட்டிவிடுகிறேன், நிர்வாகி மட்டுமே எழுதலாம் என்று மாற்றி. தேர்வு முடிந்த மறுநாள் மாலை திறக்கிறேன். முதல் தடவை எல்லோரும் முறைத்தார்கள். இப்போது பழகிவிட்டது.

"எனக்கு அனுபவம் ஒன்றும் இல்லை மிஸ்"

இந்தத் தவறுதான் என்னை ரொம்ப வருத்துகிறது. கிரேடு 12 பையன் ஒருவன் ப்ரொஃபைலில் அனுபவம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தான். அதே பையனைத் தைப்பூசக் காவடியன்று கோவிலில் பார்த்தவள் நான். காவடி இறக்கியதும் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. பந்தி பந்தியாக ஜனம் உட்காருகிறது. இந்தப் பையன் சமையல் கூடத்துக்கும் பந்திக்கும் நடுவில் நின்று, எந்த வரிசைக்கு ரசம் போகவில்லை, யார் இலை எடுக்க வேண்டும், எந்தப் பாட்டியை முதலில் உட்கார வைப்பது என்று பத்துப் பதினைந்து பேரை வேலை வாங்கிக்கொண்டிருந்தான். குரல் ஒருமுறைகூட உயரவில்லை. இது அனுபவம் இல்லையென்றால் வேறு எது?

இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம்: "மூன்று வருடமாகத் தைப்பூசத்தன்று நானூறு பேருக்கு உணவு பரிமாறும் இளைஞர் குழுவை ஒருங்கிணைக்கிறேன்." அவனுக்குத் தயக்கம். "கோவில், தமிழ் என்று எழுதினால் என்னைச் சின்னதாக நினைக்க மாட்டார்களா மிஸ்?" எனக்கு மனசு வலித்தது. ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்தை வைத்திருக்கும் நாடு இது. கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம், ஹெச்.எஸ்.சி. வரை தமிழ் என்று நாலு மொழி தெரிந்த பிள்ளை அதில் ஒன்றை ஏன் மறைக்க வேண்டும்? எழுதச் சொன்னேன். செய்யாத வேலையைச் செய்ததாக எழுதுவது வேறு, அதை ஒருபோதும் அனுமதிக்க மாட்டேன். இங்கே ஒரு போன் போட்டால் உண்மை தெரிந்துவிடும்.

ஆமாம், ஊர் அவ்வளவு சின்னது. தீவு முழுக்க 1,865 சதுர கிலோமீட்டர், மக்கள் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம். "நம்ம குரூப்தானே" என்று ஒருவரைத் திட்டி எழுதினால், அந்த ஸ்கிரீன்ஷாட் இரண்டு கை மாறுவதற்குள் அவருடைய ஒன்றுவிட்ட தம்பியிடம் போய்ச் சேரும். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை, அத்தைமார்களை நினைவுபடுத்தினால் போதும்.

அடையாள அட்டைப் படம்

கப்பல் வேலை, கனடா வேலை என்று மெசேஜ் வரும். உடனே அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நம் அட்டை எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் எழுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்து, அடுத்த ஆறு இலக்கமும் பிறந்த தேதி. எண்ணைக் கொடுத்தாலே பிறந்த தேதியையும் கொடுத்தாயிற்று. வேலை தருவதற்கு முன்னால் பணம் கேட்பவரிடம் அங்கேயே பேச்சை நிறுத்த வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் மாகோர்ஸ் என்ற அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதியலாம். வீட்டில் திட்டு விழும் என்ற பயத்தால்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். அந்தப் பயத்தை நீக்குவது பெற்றோர் கையில் இருக்கிறது.

பார்த்துக்கொண்டே இருப்பது

படிப்புக்காக நூறு பக்கங்களைப் பின்தொடர்ந்துவிட்டு ஒரு கேள்விகூடக் கேட்காத பிள்ளைகள் நிறைய. கேட்டாலும், "விடை அனுப்புங்க" என்பார்கள். "நான் இதுவரை போட்டது இது, இந்த இடத்தில் நின்றுவிட்டேன்" என்று தன் முயற்சியைக் காட்டிக் கேட்டால் தெரியாதவர்கூட உதவுவார். தமிழ் எடுத்த பிள்ளைகளை நான் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அனுப்புகிறேன். 2003இல் தொடங்கியது, யாரும் எழுதலாம். தன் ஊர்க் கோவிலைப் பற்றி நாலு வரி சேர்த்துப் பார்க்கட்டும். ஆதாரம் இல்லாத வரியை எங்கோ இருக்கும் ஒருவர் நீக்குவார், ஏன் என்றும் சொல்வார். முதலில் கோபம் வரும், அப்புறம் ஆதாரம் தேடிக்கொண்டு வந்து நிற்பார்கள். சங்க நூல் தேடுபவர்களுக்கு 1998 முதல் மதுரைத் திட்டம் இருக்கிறது, இலவசமாகவே.

சரி, அந்த மாணவி கதைக்கு வருகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி எழுதினோம். "வணக்கம். நான் ரோஸ் ஹில்லில் கிரேடு 13 படிக்கிறேன், பாடங்கள் கணிதமும் கணக்கியலும். உங்கள் நிறுவனத்தில் தணிக்கைப் பிரிவு நடப்பதைப் பற்றி நீங்கள் போட்ட பதிவைப் படித்தேன். டிசம்பரில் இரண்டு வாரம் எனக்கு நேரம் இருக்கிறது. கூட இருந்து பார்க்க முடியுமா? முடியாவிட்டாலும், நான் அடுத்து என்ன படித்தால் நல்லது என்று ஒரு வரி சொன்னால் நன்றியோடு இருப்பேன்."

நாலாம் நாள் பதில் வந்தது. இந்த வருடம் இடமில்லை, ஆனால் பக்கத்து ஊரான ரெதுய்யில் இன்னொருவர் இருக்கிறார், என் பெயரைச் சொல்லி எழுது என்று. எழுதினாள், டிசம்பரில் மெட்ரோ ஏறிப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டும் வந்தாள். ஜனவரியில் என்னைப் பார்க்க வந்தபோது, முதலில் வழிகாட்டியவருக்கு நன்றி சொன்னாயா என்று கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டாள். அங்கேயே, என் மேசைக்கு எதிரே நின்றபடி, போனை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.