சின்ன கம்பெனி பங்கா? யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

பாளையங்கோட்டையில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "தம்பி, அந்தக் கம்பெனியில வெளிநாட்டு ஃபண்டு நுழைஞ்சிருக்காம்லா, நாமளும் வாங்கிருவோமா?"

வாங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. பட்டியலிட்ட கம்பெனிகள் காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் பங்குதாரர் விவரத்தைப் பங்குச்சந்தைக்குத் தர வேண்டும். என்எஸ்இ, பிஎஸ்இ என்ற இரு பங்குச்சந்தைகளின் இணையதளங்களில் 'ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்' (யாரிடம் எத்தனை பங்கு) என்ற பகுதியில் காசில்லாமல் பார்க்கலாம். புரமோட்டர்கள், அதாவது கம்பெனியைத் தொடங்கி நடத்துபவர்கள், பெயரோடு வருவார்கள்; மற்றவர்களில் 1 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களின் பெயர் மட்டும் அதில் வரும். ஹெட்ஜ் ஃபண்டு என்பது பெரும் பணக்காரர்கள், நிறுவனங்களின் பணத்தைத் திரட்டி ரிஸ்க் எடுத்து முதலீடு செய்யும் ஃபண்டு. வெளிநாட்டு ஹெட்ஜ் ஃபண்டு பெரும்பாலும் எஃப்பிஐ (வெளிநாட்டு முதலீட்டாளர்) வரிசையிலும், உள்நாட்டு வகை ஏஐஎஃப் (மாற்று முதலீட்டு நிதி) வரிசையிலும் இருக்கும். புரமோட்டர் பங்குகளை அடகு வைத்திருக்கிறாரா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி.

ஒரே காலாண்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். நாலைந்து காலாண்டுகளை வரிசையாக ஒப்பிடுங்கள். நாம் பார்க்கும் கணக்கு காலாண்டின் கடைசி நாள் நிலவரம்தான். அதற்குள் ஃபண்டு விற்றிருக்கலாம்.

அப்புறம், தினசரி வியாபார அளவு. சின்ன கம்பெனியில் இதுதான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு ஃபண்டிடம் 5 லட்சம் பங்கு, சந்தையில் நாளொன்றுக்குக் கைமாறுவது 10,000 என்றால், மொத்த வியாபாரமும் அவர்களுடையதாகவே இருந்தாலும் விற்று வெளியேற 50 வர்த்தக நாள் ஆகும். அவசரமாக விற்றால் பங்கு லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் விலை இறங்க அனுமதித்த கடைசி எல்லையில், பூட்டிக்கொள்ளும். நம் நூறு பங்கை வாங்கக்கூட ஆள் இருக்காது.

ஃபண்டிடம் இருக்கும் பங்கு, தினசரி வியாபார அளவு என்ற இந்த இரண்டு எண்களையும் அண்ணாச்சியிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சரி, அடுத்த காலாண்டையும் பார்த்துக்கிடுவோம் என்றார்.