ரொனால்டோவைப் பார்த்துப் பழகும் முறை

பொள்ளாச்சிப் பக்கம் சாயங்காலம் பந்து உதைக்கிற தம்பிகளே, ஃபார்வர்டு ஆடணும்னா பிரேசிலின் ரொனால்டோவை வருஷ வரிசையாகப் பாருங்க. முதலில், 1996 அக்டோபரில் பார்சிலோனாவுக்காக கொம்போஸ்தெலா என்ற ஸ்பெயின் அணிக்கு எதிராக அடித்த கோல்: சட்டையைப் பிடித்து இழுத்தும் விழாமல் ஓடுவார், அங்கே பந்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் கவனியுங்கள்.

அப்புறம் 1998 யூஈஎஃப்ஏ கோப்பை (ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான போட்டி) இறுதிப்போட்டி. இத்தாலியின் இன்டர் மிலான் அணிக்காக, எதிரணி லாசியோவின் கோல்கீப்பர் முன்னால் பந்துக்கு மேலே காலைச் சுற்றி, உடம்பைச் சாய்த்து ஏமாற்றிவிட்டு விலகிப் போவார். இதை முதலில் நின்ற இடத்திலேயே, ரெண்டு காலிலும், மெதுவாகப் பழகுங்கள். வேகம் தானாக வரும்.

2000 ஏப்ரலில் முழங்கால் போனது. அவசரப்படாமல் தேறி வந்தவர், 2002 உலகக் கோப்பையில் 8 கோல். முட்டி வலித்தால் அன்றைக்கு ஆடாதீங்க கண்ணுகளா.