லினக்ஸில் என்டர் தட்டுவதற்கு முன்: புதிதாக வந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸ் பக்கம் வருகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். வரட்டும், ரொம்ப நல்ல விஷயம். ஆனால் இரண்டு மூன்று வாரம் கழித்து "ஸ்கிரீன் கறுப்பாக நிற்கிறது", "பாஸ்வேர்டு போட்டால் மறுபடியும் பாஸ்வேர்டே கேட்கிறது" என்று அவர்கள் வந்து நிற்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் அது தானாகக் கெட்டுப்போயிருக்காது. இன்னதைச் செய்யப் போகிறேன், சரியா என்று சிஸ்டம் கேட்டிருக்கும், நாம்தான் படிக்காமல் 'ஒய்' (ஆம்) தட்டி என்டர் அழுத்தியிருப்போம்.

இதற்கு நான் பார்த்ததிலேயே மோசமான உதாரணம் பைத்தான் என்ற நிரல்மொழி. புது வெர்ஷன் வேண்டும் என்பதற்காக, உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் ஏற்கெனவே இருக்கும் பைத்தானை முதலில் நீக்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். விண்டோஸில் பழகியவருக்கு இது இயல்பான யோசனைதான், பழையதை எடு, புதியதைப் போடு. ஆனால் உபுண்டுவின் பல பாகங்கள் அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. நீக்கச் சொன்னதும், நிறுவவும் நீக்கவும் உதவும் ஆப்ட் என்ற கருவி ஒரு நீண்ட பட்டியலைக் காட்டி, "இவையெல்லாம் நீக்கப்படும்" என்று சொல்லும். அந்தப் பட்டியலில் டெஸ்க்டாப்பின் பெயரும் இருக்கும். படித்தவர் அங்கேயே நிறுத்திவிடுவார், படிக்காதவருக்கு அடுத்த முறை ஆன் செய்யும்போது வெறும் எழுத்துத் திரைதான் வரும். அதனால் ஒரே ஒரு பழக்கம் போதும் என்றால் இதைச் சொல்வேன்: எதை நிறுவினாலும், எதை நீக்கினாலும், ஆப்ட் காட்டும் அந்த 'நீக்கப்படும்' பட்டியலை மட்டுமாவது கண்ணால் ஓட்டிப் பாருங்கள். ஒரு சின்ன ஆப்பைப் போடப் போய் முப்பது பேக்கேஜ் (சாஃப்ட்வேர் தொகுப்பு) போகிறது என்றால் ஏதோ தப்பு, 'என்' (வேண்டாம்) தட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

இதே பைத்தானில் இன்னொன்று. 2023இல் வந்த டெபியன் 12 (உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ் வகை) முதல், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் என்ற கருவியை வைத்து நேராக சிஸ்டத்துக்குள் எதையாவது நிறுவப் பார்த்தால் அது மறுத்துவிடும். உடனே இணையத்தில் தேடி, அதைத் தாண்டிப்போக ஒரு ஆப்ஷன் இருப்பதைக் கண்டுபிடித்து அதைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஆப்ஷனின் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்', அதாவது சிஸ்டம் பேக்கேஜ்களை உடை. இதைவிடத் தெளிவாக ஒரு எச்சரிக்கையை எப்படி எழுத முடியும்? வென்வ் என்று தனி இடம் ஒன்றை உருவாக்கி அதற்குள் வேண்டியதைப் போட்டுக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை, நாளைக்கு வேண்டாம் என்றால் அந்த ஃபோல்டரை அழித்தால் போதும்.

அடுத்தது சூடோ, அதாவது ஒரு கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்ட முன்னால் போடும் சொல். ஏதாவது ஒன்று "அனுமதி இல்லை" என்று சொன்னால், முன்னால் சூடோ போட்டு மறுபடி ஓட்டுவது என்று ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. அனுமதி ஏன் இல்லை என்று யோசிக்க வேண்டிய இடம் அது. முன்பு சொன்ன 'பாஸ்வேர்டு போட்டால் மறுபடியும் பாஸ்வேர்டே கேட்கிறது' பிரச்சினைக்குப் பல முறை காரணம் இதுதான். எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் ஓடும் டெஸ்க்டாப்பில் ஜன்னலோடு திறக்கும் ஒரு ஆப்பை சூடோ போட்டு ஓட்டும்போது, உங்கள் ஹோம் ஃபோல்டரில் மறைவாக இருக்கும் 'எக்ஸ்அத்தாரிட்டி' என்ற ஃபைல் சில சமயம் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகிவிடும். அடுத்த முறை லாகின் ஆகும்போது உங்கள் பெயரில் அதைத் தொட முடியாது, டெஸ்க்டாப் திறக்க முயன்று தோற்று, லாகின் திரைக்கே திரும்பும். பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கும், ஆனால் மறந்துவிட்டோமோ என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும், அங்கே உள்ளே போய் அந்த ஃபைலின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, எல்லா ஃபோல்டருக்கும் 777 என்று அனுமதியைத் திறந்து விடுவது. "எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று தோன்றும். ஆனால் சிஸ்டம் ஃபோல்டர்கள் மேல் இதை ஓட்டினால் சூடோவுக்கு என்று இருக்கும் தனி அடையாளமும் அழிந்துபோய், அதற்கப்புறம் சூடோவே ஓட மறுக்கும். சரிசெய்யத் தேவையான கருவியையே இழந்துவிட்டு நிற்பீர்கள்.

சரி, ஆப் எங்கிருந்து எடுப்பது? முதலில் உங்கள் டிஸ்ட்ரோவின் (நீங்கள் போட்ட லினக்ஸ் வகையின்) சாஃப்ட்வேர் கடையில் தேடுங்கள், இல்லையென்றால் பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் ஓடும் ஃப்ளாட்பேக் வடிவில் எடுங்கள். கண்ட தளத்திலிருந்து ஃபைல் இறக்கி டபுள் கிளிக் செய்யும் பழக்கத்தை விண்டோஸோடு விட்டுவிட்டு வந்துவிடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு டிரைவருக்கும் இதே விதிதான். தயாரிப்பாளர் தளத்திலிருந்து தனியாக இறக்கிப் போட்ட டிரைவர், கர்னல் (சிஸ்டத்தின் மையப்பகுதி) அப்டேட் ஆனதும் பல நேரம் வேலை செய்யாமல் போகும். டிஸ்ட்ரோ தரும் டிரைவர் கர்னலோடு சேர்ந்தே அப்டேட் ஆகும். உபுண்டுவுக்கான ரெப்போவை (பேக்கேஜ் களஞ்சியத்தை) டெபியனில் சேர்ப்பது, டெபியனின் வேறொரு கிளையிலிருந்து நாலு பேக்கேஜை மட்டும் இழுத்துக்கொள்வது போன்ற வேலைகளுக்கு டெபியன்காரர்கள் 'ஃபிராங்கன்டெபியன்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த நிலைக்கு வந்த சிஸ்டத்தை மீட்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆர்ச் என்ற டிஸ்ட்ரோ பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வரி: பேக்கேஜ் பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒரே ஒரு ஆப்பை நிறுவாதீர்கள், அங்கே அப்டேட் என்றால் முழு சிஸ்டமும் சேர்ந்துதான்.

உபுண்டு போடுவதாக இருந்தால் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) எடுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வரும், ஐந்து வருஷம் அப்டேட் கிடைக்கும். இடையில் வரும் வெர்ஷன்களுக்கு ஒன்பது மாதம்தான். புதிதாக இருக்கிறதே என்று அதைப் போட்டுவிட்டு மறந்துபோனால், ஒரு நாள் ஆப்ட் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லும். இறக்கிய ஐஎஸ்ஓவின் (இன்ஸ்டால் ஃபைலின்) செக்சம்மையும், அதாவது ஃபைல் மாறவில்லை என்று காட்டும் குறியீட்டையும், சரிபாருங்கள், இது வெறும் சடங்கு இல்லை. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற டிஸ்ட்ரோவின் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சினமன் பதிப்புக்கான இணைப்பைத் தங்கள் விஷம் கலந்த ஐஎஸ்ஓவுக்கு மாற்றி வைத்திருந்தார்கள். நீங்கள் இறக்கிய ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும்போதும் எந்த டிரைவ் என்பதை அளவை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள், டிரைவ் பெயரில் ஒரு எழுத்து மாறினால் ஹார்டு டிஸ்க்கே போய்விடும்.

விண்டோஸையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறவர்கள், எதையும் தொடுவதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவியை வேறொரு இடத்தில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பை மாற்றியதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கலாம், கையில் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது போனதுதான். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக மூடாது, பாதித் தூக்கத்தில் இருக்கும், அதனால் லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாமல் போகும். கடிகாரம் மணிக்கணக்கில் தள்ளிக் காட்டினால் பயப்பட வேண்டாம், லினக்ஸ் மதர்போர்டில் உள்ள நேரத்தை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது, இரண்டில் ஒன்றை மாற்றினால் போதும்.

சிஸ்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட் ஓடுகிறது, அதனால் பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தைக் காப்பாற்றும், நீங்களாக மாற்றாதவரை ஹோமில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் சேர்க்காது. அவற்றுக்குத் தனியாக, வேறொரு டிஸ்கில் ஒரு நகல் வேண்டும்.

கடைசியாக ஒன்று, ஏதாவது கெட்டதும் உடனே மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள். அப்டேட்டுக்கு அப்புறம் ஆன் ஆகவில்லை என்றால், ஆன் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். மெனு வரவில்லையென்றால் எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே போய்விடலாம், போன பிறகு நிதானமாக ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையை வைத்து முந்தைய பூட்டின் பதிவைத் திறந்து, சிவப்பில் இருக்கும் வரிகளைப் படியுங்கள். அதற்காகத்தான் இடம் மிச்சம் பிடிக்க எல்லாப் பழைய கர்னலையும் நீக்காதீர்கள் என்று சொல்கிறேன், ஒன்றையாவது விட்டு வையுங்கள்.