ஊடகப் பேட்டி: தயாரிப்பிலேயே நேரும் தவறுகள்

பேட்டிக்கு அழைப்பு வந்தவுடன், வரக்கூடிய கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் விடையை மனப்பாடம் செய்வது பலரது வழக்கம். பரீட்சைக்குப் படிப்பதைப் போன்ற இந்தத் தயாரிப்புதான் முதல் தவறு. நிருபர் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டாலே அவர்கள் தடுமாறுகிறார்கள். அரை மணி நேரம் பேசினாலும் தொலைக்காட்சிச் செய்தியில் வருவது சில விநாடி 'பைட்' (பேச்சிலிருந்து வெட்டி எடுக்கும் துணுக்கு) மட்டுமே என்பதையும் மறந்துவிடுகிறார்கள். சொல்ல வேண்டிய கருத்துகளை இரண்டு மூன்றாகச் சுருக்கி, தனியே வெட்டி எடுத்தாலும் பொருள் திரியாத சிறு வாக்கியங்களாக அவற்றைச் சொல்லிப் பழகுவதே பயன் தரும்.

குற்றச்சாட்டில் உள்ள சொல்லையே மறுப்பிலும் எடுத்தாள்வது இன்னொரு தவறு. 1973 நவம்பர் 17 அன்று, பத்திரிகை ஆசிரியர்கள் முன்னிலையில், முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளுக்கு ஆளாகியிருந்த அமெரிக்க அதிபர் நிக்சன், "நான் மோசடிக்காரன் அல்ல" என்றார். அன்று அவர் அளித்த நீண்ட விளக்கங்களை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை; 'மோசடிக்காரன்' என்ற சொல் மட்டும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

சொந்த வருத்தத்தைப் பேட்டியில் இறக்கிவைப்பது இவற்றைவிடக் கொடியது என்பேன். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தனர்; கடலில் எண்ணெய் கசிந்து பரவியது. மே மாத இறுதியில் நிருபர்களிடம் பேசிய அந்தக் கிணற்றை நடத்திய பிபி எண்ணெய் நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி டோனி ஹேவர்ட், கடலோர மக்களிடம் வருத்தம் தெரிவித்த கையோடு, "எனக்கும் என் பழைய வாழ்க்கை வேண்டும்" என்று முடித்தார். முதலில் கேட்ட மன்னிப்பு காற்றில் போயிற்று. அந்தக் கடைசி வரிதான் உலகம் முழுவதும் சுற்றியது. களைப்பின் உச்சியில் இருப்பவரை மைக்கின் முன் நிறுத்தாமல் இருப்பதும் தயாரிப்பில் அடங்கும்.

பேசி முடித்த பிறகு, "இதைப் போட்டுவிடாதீர்கள்" என்று கேட்பதில் பயனில்லை. அந்த உடன்பாடு பேசுவதற்கு முன்பே எட்டப்பட வேண்டும். வெளியிடும் முன் கட்டுரையைக் காட்டச் சொல்வதும் பெரும்பாலும் பலிக்காது. எண்களையும் பெயர்களையும் மட்டும் சரிபார்த்துத் தருவதாகச் சொன்னால் நிருபர்களே வரவேற்பார்கள்.

கேமரா வேறு பக்கம் திரும்பியவுடன் பேட்டி முடிந்துவிட்டதாக நினைப்பதற்கு, 2010இல் பிரிட்டன் பிரதமராக இருந்த கார்டன் பிரவுனை மிஞ்சிய எடுத்துக்காட்டு இல்லை. 2010 ஏப்ரல் 28 அன்று ராச்டேல் நகரில் ஒரு வாக்காளரிடம் சிரித்துப் பேசிவிட்டுக் காரில் ஏறிய அவர், அந்தப் பெண்மணியைக் குறுகிய மனம் படைத்தவர் என்று உதவியாளரிடம் கடிந்துகொண்டார். சட்டையில் மாட்டியிருந்த ஸ்கை நியூஸ் தொலைக்காட்சியின் மைக் அப்போதும் உயிரோடு இருந்தது. அன்றே பிபிசி வானொலிப் பேட்டியில் அந்த ஒலிப்பதிவை அவருக்குப் போட்டுக் காட்டியபோது, அவர் கையில் தலையைத் தாங்கிக் குனிந்தார். வானொலிதான் என்றாலும், அந்த அறையிலும் ஒரு கேமரா ஓடிக்கொண்டிருந்தது.