கம்பெனி ஆனுவல் டின்னர்: மண்டபம் புக் பண்றதுக்கு முன்னாடி காலண்டரை பாருங்க

சென்னை தண்டையார்பேட்டைல ஒரு சின்ன லாஜிஸ்டிக்ஸ் கம்பெனில அட்மின் வேலை பாக்குறேன். ஆபீஸ், குடோன், டிரைவர், லோடுமேன் எல்லாம் சேத்து 64 பேர். ரெண்டு வருஷமா ஆனுவல் டின்னர் என் பொறுப்பு தான், முதல் தடவ பண்றவங்களுக்கு உதவும்னு எழுதுறேன். பட்ஜெட் அப்ரூவல் உங்க கம்பெனி வழக்கப்படி வாங்கிடுங்க.

ஸ்டெப் 1: தேதி

நான் மாட்டுனது இங்க தான். முதல் வருஷம் டிசம்பர் ரெண்டாவது சனிக்கிழமைல வச்சேன். கார்த்திகை மாசம், லோடுமேன், டிரைவர்ல 11 பேர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தாங்க. அவங்களுக்கு தயிர்சாதம் சொல்லியிருந்தேன், ஆனா அதுவும் பிரியாணி செஞ்ச அதே அடுப்படில இருந்து வந்ததுன்னு தெரிஞ்சதும் ஒருத்தரும் தொடல. வருஷம் பூரா வெயில்ல மூட்டை தூக்குனவங்க அன்னிக்கு பசியோட வீட்டுக்கு போனாங்க, இன்னும் அது மனசுல உறுத்துது.

அதனால காலண்டரை விரிச்சு வச்சுட்டு உக்காருங்க. செப்டம்பர் நடுவுல இருந்து அக்டோபர் நடு வரைக்கும் புரட்டாசி, நிறைய பேர் கவிச்சி தொட மாட்டாங்க. அப்புறம் மழை, வியாசர்பாடி பக்கம் சுரங்கப்பாதைல தண்ணி நின்னா பாதி பேர் வந்து சேர முடியாது. கார்த்திகை 1ல இருந்து மகரஜோதி வரைக்கும் மாலை. அதுக்கப்புறம் ரம்ஜான் நோன்பு, காசிமேடு ராயபுரத்துல இருந்து வர்ற கிறிஸ்டியன் ஸ்டாஃபுக்கு தவக்காலம், 2026ல இது ரெண்டுமே பிப்ரவரி 18, 19ல ஆரம்பிச்சுது. ஆக பொங்கலுக்கும் நோன்புக்கும் நடுவுல இருக்கற வாரங்கள் தான் நமக்கு. ரம்ஜான் வருஷா வருஷம் 10, 11 நாள் முன்னாடி வரும், அதனால போன வருஷ தேதியையே திருப்பி போடாதீங்க. தை மாசம் கல்யாணம் ஜாஸ்தி, முகூர்த்தம் இல்லாத நாளா கேட்டா வாடகைல பேசலாம்.

ஸ்டெப் 2: தலை எண்ணிக்கை

கூகுள் ஃபார்ம் வேணாம். எங்க குடோன்ல அத யாரும் தொறக்கவே இல்ல. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் பக்கத்துல ஒரு நோட்டு வைங்க, பேர், வீட்ல இருந்து எத்தன பேர், சைவமா அசைவமா, அவ்ளோ தான். குடும்பத்தோட கூப்பிடுங்க, அப்பா வேலை செய்யற எடத்துல அவருக்கு கை தட்டுறத பிள்ளைங்க பாக்கணும்.

ஸ்டெப் 3: சாப்பாடு

ஹோட்டல் பஃபேவ விட ஏரியா பாய் மாஸ்டரை வச்சு தம் போடுறது தான் என் ஓட்டு. ஒரு கிலோ அரிசி பிரியாணி 8ல இருந்து 10 பேருக்கு வரும், குழந்தைங்க நிறைய இருந்தா 10ன்னே போடுங்க. கத்திரிக்கா, தயிர் வெங்காயம், பிரெட் அல்வா எல்லாம் ரேட்ல சேத்தியான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. சைவத்துக்கு வேற சமையல்காரர், வேற பாத்திரம், வேற பந்தி. ரெண்டாவது வருஷம் வாசல்ல ஒரு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) ஸ்டாலும் போட்டோம், பீச் ஸ்டேஷன் பக்கத்துல சாப்பிட்டு வளந்த கூட்டம், பிரியாணிக்கு முன்னாடி அங்க தான் நின்னாங்க.

ஸ்டெப் 4: மேடை

எம்டி பேச்சு பத்து நிமிஷம். பரிசு குடுக்கும்போது வாட்ச்மேன், டீ போடுற அக்கா, கிளீனர்ல ஆரம்பிங்க. தெறந்த எடமா இருந்தா ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாது, அதனால ஆறு மணிக்கே ஆரம்பிச்சுடுங்க.

அப்டேட்: இத படிச்சுட்டு ஒரு தங்கச்சி, "முடிஞ்சு லேடீஸ் எப்டி வீட்டுக்கு போறதுண்ணா"ன்னு கேட்டிருந்தாங்க. 2021ல மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுல இருந்து திருவொற்றியூர் ஆளுங்களுக்கு கவலை இல்ல. மணலி, கொடுங்கையூர் போறவங்களுக்கு ரெண்டு வேன் கட்டாயம் சொல்லுங்க, கடைசி ஆள் வீட்ல எறங்குனதும் டிரைவர் உங்களுக்கு போன் பண்ணணும். அன்னிக்கு நைட் ஷிப்ட்ல குடோன்ல இருக்கறவங்களுக்கு சாப்பாட்ட பந்தி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கட்டி சூடா அனுப்பிடுங்க.