வீட்டில் போட்ட நெல்லிரசத்தின் சுவையைத் திருத்துவது எப்படி

வீட்டில் நெல்லிரசமோ கொடித்தோடை (பாஷன் புரூட்) ரசமோ நன்னாரிச் சர்பத்தோ போட்டு, அந்தக் கட்டி இனிப்புப் பாணியைத் தண்ணீரில் கலந்து குடித்துப் பார்த்து, ஏதோ குறைகிறது என்று தோன்றியதும் பலரும் எடுப்பது எசன்ஸ் போத்தலைத்தான். தயவுசெய்து அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குறைவது பெரும்பாலும் வாசனை அல்ல. புளிப்புக் குறைந்திருக்கும், ஒரு சிட்டிகை உப்புத் தேவைப்படும், இல்லையென்றால் நீங்கள் கலக்கிற தண்ணீரே சுவையைச் சாப்பிட்டிருக்கும். யாழ்ப்பாணத்துத் தோலகட்டி நெல்லிரசம் குடித்துப் பழகிய நாக்குக்கு நல்ல ரசம் எப்படி இருக்கவேண்டும் என்று நன்றாகவே தெரியும், ஆனால் எது குறைகிறது என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிற வழிதான் இது. ரசம் காய்ச்சி வடித்து முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

தேவையான சாமான்

சிட்ரிக் அமிலம், சாதாரண உப்பு, நல்ல வனிலா எசன்ஸ் ஒன்று. கேக் சாமான் விற்கிற கடைகளில் எல்லாம் கிடைக்கும். பார்மசியில் 5 மில்லிலீற்றர் சிரிஞ்ச் இரண்டு ஊசியில்லாமல் வாங்குங்கள். நகை நிறுக்கிற மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் மிக நல்லது. அப்புறம் ஒரே அளவான கண்ணாடிக் கிளாஸ் நாலைந்து, பேனா, ஒட்டுகிற டேப்.

கரைசல் இரண்டு செய்துகொள்ளுங்கள்

தூளை நேராகப் போத்தலுக்குள் கொட்டாதீர்கள், கொட்டினதைத் திருப்பி எடுக்க முடியாது. 10 கிராம் சிட்ரிக் அமிலத்தை ஆறிய கொதிதண்ணீரில் கரைத்து மொத்தம் 100 மில்லிலீற்றர் வருகிற மாதிரி நிரப்புங்கள். இப்போது இதில் 1 மில்லிலீற்றருக்குள் 0.1 கிராம் அமிலம் இருக்கிறது. அதேபோல 1 கிராம் உப்பைக் கரைத்து 100 மில்லிலீற்றர் ஆக்கினால் 1 மில்லிலீற்றரில் 0.01 கிராம் உப்பு. இரண்டிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள், பார்வைக்கு இரண்டுமே பச்சைத்தண்ணீர் மாதிரித்தான் இருக்கும்.

ருசி பார்ப்பது கிளாஸில், போத்தலில் அல்ல

கட்டி ரசத்தைக் கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்தால் சீனியைத் தவிர ஒன்றும் தெரியாது. குடிக்கிற பதத்தில் கலந்துதான் பார்க்கவேண்டும். 20 மில்லிலீற்றர் ரசம், 80 மில்லிலீற்றர் தண்ணீர், மொத்தம் 100. இப்படி மூன்று நான்கு கிளாஸ் ஊற்றுங்கள். ஒன்றில் எதுவும் சேர்க்காமல் அப்படியே விட்டுவிடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். குளிராகக் குடிக்கப் போகிறீர்கள் என்றால் குளிராகவே பாருங்கள், ஏனென்றால் குளிரும்போது இனிப்புக் குறைவாகத் தெரியும், சூட்டில் சரியாக இருந்த ரசம் பிரிஜ்ஜில் இருந்து வந்ததும் சப்பென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் இதை விட்டுவிட்டு மேலே போகவே கூடாது. நாங்கள் இருப்பது சுண்ணாம்புக்கல்லின் மேல். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பைக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற கட்டியில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் இருக்கிற பைகாபனேற்று அமிலத்தோடு சேர்ந்து அதன் புளிப்பைக் கொஞ்சம் முறித்துவிடும். அதனால் ஒரே போத்தல் ரசத்தை ஒரு கிளாஸில் கிணற்றுத் தண்ணீரிலும் இன்னொன்றில் வடிகட்டி விற்கிற தண்ணீரிலும் கலந்து பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர்க் கிளாஸ் மந்தமாக, ஓரம் மழுங்கினது போல இருக்கும். ரசத்தில் பிழையே இல்லை. கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல்தண்ணீரை மட்டும் இறுத்து எடுத்தால் இந்தக் குறை நன்றாகக் குறைந்துவிடும். கடலோரத்திலும் தீவுப்பக்கத்திலும் உவர்த்தண்ணீர் உள்ள வீடுகளில் இன்னொரு விஷயம்: தண்ணீரிலேயே உப்பு வந்துவிடுகிறது, ஆகவே கீழே சொல்கிற உப்பு உங்களுக்குத் தேவைப்படாது. எந்தத் தண்ணீரில் குடிக்கப் போகிறீர்களோ அதே தண்ணீரில் சோதியுங்கள்.

இரண்டாவது, புளிப்பு

முதல் கிளாஸை விட்டுவிட்டு இரண்டாவதில் அமிலக் கரைசல் அரை மில்லிலீற்றர், மூன்றாவதில் ஒன்று, நான்காவதில் ஒன்றரை. கலக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையில் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டுக் குடியுங்கள். புளிக்கிறதா என்று பார்க்காதீர்கள், பழத்தின் ருசி எதில் தெளிவாக வருகிறது என்று பாருங்கள். புளிப்புத் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிகிற கிளாஸ் கூடிப்போனது, அதற்கு முந்தியதுதான் உங்களுடையது.

கணக்கு லேசு. அரை மில்லிலீற்றர் போட்ட கிளாஸ் பிடித்தது என்றால், 20 மில்லிலீற்றர் ரசத்துக்கு 0.05 கிராம் அமிலம் தேவைப்பட்டிருக்கிறது. ஒரு லீற்றர் ரசத்துக்கு அதைப் போல 50 மடங்கு, அதாவது 2.5 கிராம். 750 மில்லிலீற்றர் போத்தலுக்கு 1.9 கிராம் அளவில் போதும்.

தேசிக்காய் (எலுமிச்சை) சாறு விடக்கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக விடலாம், அதிலும் சிட்ரிக் அமிலம்தான் இருக்கிறது. ஆனால் தேசிக்காய் தன் வாசனையையும் கொண்டுவரும், காய்க்குக் காய் புளிப்பும் மாறும், அடுத்தமுறை அதே ருசி வராது. முந்திரிகை (திராட்சை) ரசத்துக்கு டாட்டாரிக் அமிலம் இன்னும் பொருத்தம், முந்திரிகையிலும் புளியிலும் இயற்கையாக இருப்பது அதுதான். மாலிக் அமிலம் கிடைத்தால் அதையும் ஒருதரம் முயன்று பாருங்கள். சிட்ரிக் நாக்கில் சட்டென்று குத்திவிட்டுப் போய்விடும், மாலிக் கொஞ்சம் தங்கி நிற்கும்.

மூன்றாவது, உப்பு

உப்பின் வேலை உப்புக் கரிப்பதல்ல. கசப்பை அமுக்கும். கசப்பு அமுங்கினால் உள்ளே இருக்கிற இனிப்புத் தானாக மேலே வரும், சீனி கூட்டத் தேவையில்லை. புளிப்புச் சரிசெய்த கிளாஸில் உப்புக் கரைசல் 2 மில்லிலீற்றர் விட்டுப் பாருங்கள், வேண்டுமென்றால் 4 வரை போகலாம். உப்பு என்று நாக்குக்குத் தெரிந்தால் கூடிவிட்டது. 2 மில்லிலீற்றர் பிடித்திருந்தால் ஒரு லீற்றர் ரசத்துக்கு 1 கிராம். நெல்லியின் துவர்ப்பு இதனால் போகாது, அதை எதிர்பார்க்காதீர்கள். அது நெல்லிக்குரிய குணம், எனக்கு அது இருக்கவேண்டும்.

சீனியைப் பற்றியும் சொல்லவேண்டும். லீற்றருக்கு 600 கிராம் சீனி போட்ட ரசத்தை ஒன்றுக்கு நாலு கலந்தால் 100 மில்லிலீற்றரில் 12 கிராம் சீனி. 2016 முதல் இலங்கையில் குளிர்பானப் போத்தல்களில் நிறப்பொட்டு வைக்கிறார்களே, அந்தக் கணக்கில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. புளிப்பையும் உப்பையும் சரியாக வைத்தால் 500 கிராமோடு நிற்கலாம், நாக்குக்குக் குறை தெரியாது. சீனி வருத்தக்காரர் உள்ள வீடுகளில் சுக்கிரலோஸ் பாவிப்பார்கள். அது சீனியைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பு, இனிப்பைத் தரும், ஆனால் சீனிப்பாணியின் கொழுகொழுப்பைத் தராது, ரசம் தண்ணீராகவே இருக்கும்.

கடைசியாக எசன்ஸ்

இவ்வளவும் செய்தபிறகு பாதிப்பேருக்கு எசன்ஸ் தேவையே வராது. நன்னாரிக்கு மட்டும் வனிலா உண்மையிலேயே பொருந்தும், நன்னாரி வேரின் வாசனைப்பொருளும் வனிலாவின் வனிலினும் வேதியியலில் மிக நெருங்கிய உறவு. 1 மில்லிலீற்றர் எசன்ஸை 9 மில்லிலீற்றர் தண்ணீரில் கலந்து, அதில் இருந்து கிளாஸுக்கு ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று போங்கள். சொட்டின் பருமன் கருவிக்குக் கருவி மாறும், ஆகவே கடைசிவரை ஒரே சிரிஞ்சைப் பாவியுங்கள். ரசம் நன்றாக ஆறியபின்தான் விடவேண்டும், சூட்டில் விட்டால் வாசனை குசினிக்குத்தான் போகும். கொடித்தோடைக்கு எசன்ஸ் வேண்டாம், சாற்றைக் கொதிக்கவிடாமல் ஆறிய பாணியில் கலந்தாலே வாசனை நிற்கும். குளிர்ச்சி வேண்டுமென்றால் மெந்தோல் கட்டியைத் தேடிப் போகாமல் நாலு புதினா இலையைக் கசக்கிப் போடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், இதைக் கேட்கிற பொடியன்கள் இருக்கிறார்கள். இந்த எசன்ஸ்களை வேப் (மின்சிகரெட்) திரவத்துக்குள் விடவே கூடாது. வயிற்றுக்குள் போகலாம் என்று அனுமதித்த பொருள் நுரையீரலுக்குள் போகலாம் என்று அர்த்தமில்லை. பட்டர் வாசனை தருகிற டயசெட்டில் அப்படிப்பட்டது: 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரியில் பொப்கோர்ன் தொழிற்சாலையில் அந்த ஆவியைச் சுவாசித்து வேலை செய்தவர்களுக்குத் திரும்பச் சீராகாத நுரையீரல் நோய் வந்தது தெரியவந்தது. 2019இல் அதே நாட்டில் வேப் பிடித்துப் பலர் இறந்தபோது பெரிதும் சந்தேகிக்கப்பட்டது விற்றமின் ஈ அசிட்டேற்று, அதையும் ஆட்கள் மாத்திரையாகச் சாப்பிடுகிறார்கள். எண்ணெய் கலந்த எசன்ஸ் இன்னும் மோசம்.

பழுதாகாமல் வைக்க

நெல்லியில் விற்றமின் சி நிறைய. பழுதாகாமல் இருக்கப் போடுகிற சோடியம் பென்சோவேற்று விற்றமின் சியோடு சேர்ந்தால் சிறிதளவு பென்சீன் உண்டாகலாம், அதனால் நெல்லிரசத்துக்கு அதைப் போடாதீர்கள். அதே வேலைக்கு மெற்றாபைசல்பைற்று போடுகிறவர்கள் வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அதையும் தவிர்க்கவேண்டும், முந்திரிகை ரசத்தில் அது நிறத்தையும் வெளிறவைக்கும். என்னைக் கேட்டால் கொஞ்சமாகப் போட்டு, கொதிதண்ணீரில் அவித்த போத்தலில் ஊற்றி, பிரிஜ்ஜில் வைத்துக் கெதியாகக் குடித்து முடிப்பதுதான் நல்லது.

எல்லாம் சேர்த்த ரசத்தை ஒரு இரவு வைத்துவிட்டு மறுநாள் திரும்பக் கிளாஸில் கலந்து பாருங்கள், புளிப்பும் வாசனையும் ஒன்றோடொன்று சேர நேரம் எடுக்கும். சரியாக இருந்தால் திகதியையும் அளவுகளையும் டேப்பில் எழுதிப் போத்தலில் ஒட்டிவிடுங்கள். திருவிழாத் தண்ணீர்ப் பந்தலுக்கு என்று 20 லீற்றர் போடுகிறவர்கள் ஒரு லீற்றருக்கு வந்த அமிலத்தையும் உப்பையும் அப்படியே 20 ஆல் பெருக்கலாம். எசன்ஸை மட்டும் கணக்கில் வந்ததன் முக்கால் பங்கு விட்டு, கலக்கி, பந்தலில் பாவிக்கப் போகிற அதே பவுசர் (தண்ணீர் லொறி) தண்ணீரில் ஒரு கிளாஸ் கலந்து குடித்துப் பார்த்தபிறகு மிச்சத்தை விடுவதா இல்லையா என்று முடிவெடுங்கள்.